இடது முன் சக்கரம்

லோகரா கணவாயிலிருந்து இறங்கி வரும் வண்டிகளுக்கு
ஒரு வாசனை உண்டு,
கருகிய நகம்போல.
ஒரிகும் சாலையில் என் கழுவுமேடைக்குள் திரும்புமுன்பே
சொல்லிவிடுவேன்:
இவன் கியரில் இறங்கியவன்,
இவன் வழிநெடுக மிதித்தே இறங்கியவன்.

இன்று வந்தவன் மிதித்தவன்.
வெள்ளை மெர்சிடிஸ். வெள்ளிச் சக்கரங்கள் நான்கில்
முன்னிரண்டும் அடுப்புக்கரி,
அதிலும் இடது ஒரு பிடி கூடுதல்.
"தண்ணியை அடி, சீக்கிரம்."
ஸ்கெர்தி என்ற பெயர் பிறகுதான் தெரியும்.

முடியாது என்றேன்.
சுடுகிற டிஸ்கில் குளிர்ந்த நீர் பட்டால் நெளியும்.
மருந்து காய்ந்து கறையாய் உட்காரும்.
ஆரக்கால் அருகே புறங்கையைக் கொண்டுபோனேன்:
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி.
இருபது நிமிடம், காப்பி குடி.
அவன் குடிக்கவில்லை.
வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான்,
சாவியைத் தொலைத்தவன்போல.

பெயருக்குத்தான் அது தூசி.
தேய்ந்து பறந்த இரும்பு.
பறக்கும்போது நெருப்பு,
விழுந்த இடத்தில் பல்லைப் பதித்துக்கொள்ளும்.
உலர்ந்த துணியால் ஓர் இழுப்பு போதும்,
பளபளப்பை நீயே உழுது வைப்பாய்.

ஆகவே முதலில் வெறும் தண்ணீர்.
போகிறது போகட்டும் என்று.
பிறகு மருந்து, அமிலம் இல்லாதது.
தெளித்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும்.
இங்கேதான் எல்லோரும் கைப்பேசியை எடுப்பார்கள்:
நிறமில்லாத திரவம்
இரும்பைக் கண்டதும் ஊதாவாகிக் கசியும்,
திராட்சைத் தொட்டியை யாரோ கவிழ்த்ததுபோல
தரையெல்லாம் ஓடும்.
அழுகிய முட்டை நாற்றம் படத்தில் வராது.

ஸ்கெர்தி படம் எடுக்கவில்லை.

சக்கரத்துக்கு ஒரு வாளி, உடம்புக்கு ஒரு வாளி.
மாற்றித் தோய்த்த எர்மாலை
அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினேன்.
தரையில் விழுந்த துணி செத்த துணி,
அதன்பின் அது கண்ணாடியைக்கூடத் தொடக்கூடாது.
ஆரக்கால்களுக்குப் பன்றிமயிர்த் தூரிகை,
ஆணிக்குழிகளுக்குச் சின்னது ஒன்று.
அழுத்தாமல்,
தூங்குகிறவன் முகத்தில் ஈ ஓட்டுவதுபோல.

அலசினேன்.
மேகம் விலகி வெயில் நேராகச் சக்கரத்தில் விழுந்தது.

"கீறிட்டியே!"

விளிம்பில், ஐந்தாம் ஆரக்காலுக்கு மேலே,
பிறை பிறையாய், நெருக்கமாய்,
ஒரு கையகலம்.
வண்டி முதலாளியுடையதாம்.
சனிக்கிழமை அவர் மகள் அதில்தான் கல்யாணத்துக்குப் போகிறாளாம்.
யார் பதில் சொல்வது, யார் பணம் கட்டுவது?
பக்கத்து மேடையில் கம்பளம் அலசிக்கொண்டிருந்தவர்கள்
குழாயை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.
"என்ன வல்மிரா?"

ஒன்றுமில்லை என்று கைகாட்டினேன்.
மருந்துப் புட்டியை எடுத்து
கீறலின்மேல் மட்டும் இரண்டு முறை அழுத்தினேன்.
இருவரும் குனிந்தோம்.
முதலில் எதுவும் இல்லை.
அவன் மூச்சு என் காதில் பட்டது.
பிறகு ஒவ்வொரு பிறையின் அடியிலிருந்தும்
மயிரிழை மயிரிழையாய்
ஊதா எழுந்து வந்தது.

இப்போது போட்ட கீறலுக்குள்
போன வாரத்து இரும்பு எப்படிக் குடிபோகும்?

இதை நான் வாய்விட்டுக் கேட்கவில்லை.
அவன் வலதுகை விரல்கள், அவனறியாமல்,
பாத்திரம் தேய்க்கும் கம்பிநாரைப் பிடிக்கிற மாதிரி
மடங்கியிருந்தன.
"வீட்டில் அதுதான் இருந்தது" என்றான்.
என்னிடம் அல்ல, சக்கரத்திடம்.

மென்துணியால் ஒற்றி எடுத்தேன்.
இடது காலிப்பர் இறுகிக் கிடக்கிறது,
அதனால்தான் அந்தப் பக்கம் கரி கூடுதல்,
கல்யாணத்துக்கு முன் மெக்கானிக்கிடம் காட்டு என்றேன்.
அதற்குக் கூலி இல்லை.
கழுவியதற்கு எழுநூறு லெக்.
ஆயிரத்தை நீட்டி, மீதி வேண்டாம் என்றான்.
முந்நூறையும் எண்ணி அவன் உள்ளங்கையில் வைத்தேன்.

சாலை முனைவரை
பிரேக்கைத் தொட மனமில்லாமல்
மெல்ல மெல்ல உருண்டே போனான்,
சாரந்தா பேருந்து குறுக்கே வரும்வரை.